ஐந்து மணி வகுப்பு

நான் வெளிநாட்டுப் பள்ளியொன்றில் கணக்கு டீச்சர். மகளின் அப்பா போனபின் சம்பாதிக்க வேறு ஆள் இல்லாததால், ஆறு வயதுப் பிள்ளையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவள்.

தினமும் பள்ளி விட்டதும், ஊரில் மணி ஐந்தாகும்போது, காலியான வகுப்பில் ஃபோனைக் கரும்பலகை விளிம்பில் சாய்த்து வைத்து மகளை வீடியோவில் கூப்பிடுவேன். முதல் மாதம் "சாப்டியா?" என்று கேட்பேன், "சாப்டேன்" என்பாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் முழிப்போம். பிள்ளை கைவிட்டுப் போய்விடுவாளோ என்று பயம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரே பேச்சு பாடம்தான். பெருக்கல் வாய்ப்பாட்டை ஆரம்பித்தேன். கப்பென்று பிடித்துக்கொண்டாள். இரண்டே வருடத்தில் பதினாறாம் வாய்ப்பாடு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஸ்டாஃப் ரூமில் நான் பீற்றிக்கொள்ளாத ஆளில்லை.

தங்கை ஒருநாள் குறுக்கே வந்து, "அக்கா, ஒருநாளாவது அவகிட்ட சும்மா பேசேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. கிளாஸ் நேரத்தில் தொந்தரவு பண்ணாதே என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

விடுமுறைக்கு வந்திறங்கினேன். மகள் வாசலில் விறைப்பாக நின்று "குட் ஈவினிங்" என்றாள். சித்தியை 'நீ' என்கிறாள், என்னை 'நீங்க' என்கிறாள். தண்ணீர் குடிக்கப் போகவும் என்னிடம் கையைத் தூக்கி அனுமதி கேட்டாள். சிரித்து மழுப்பினேன். மறுநாள் சைக்கிளிலிருந்து விழுந்து, முட்டியெல்லாம் ரத்தமாக ஓடி வந்தாள். வாசலில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்ச் சித்தி மடியில் விழுந்தாள். யாரை நொந்துகொள்வது?

சாயங்காலம் ஐந்து மணிக்கு நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். நெளிந்தாள்.

"அம்மா, நீங்க அந்த ரூமுக்குப் போய் ஃபோன் பண்றீங்களா? நேர்ல எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல."

போனேன். கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டேன். திரையில் அவள் முகம் வந்தது. பென்சிலைத் தயாராகப் பிடித்திருந்தாள்.

"முட்டி ரொம்ப வலிக்குதாடா கண்ணு?" என்று கேட்டேன்.

நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அவள் அழுகை ஃபோனிலும் கேட்டது, சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டது. எழுந்து ஓடலாம்தான். என்னைக் கண்டதும் அழுகையை அடக்கிக்கொள்வாளோ என்று பயந்து, கதவைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமே நின்றேன்.