இங்கே விளக்கம் எழுதவும்

“எதுவரைக்கும்மா படிச்சிருக்கே?” என்று கெட்டில் கம்பெனி மேனேஜர் ஒருமுறை அவளிடம் கேட்டார். அவர் கையில், அவள் அலுவலகத்தில் அச்சடித்துக் கொடுத்த வழிமுறைத் தாள் இருந்தது. ‘தண்ணீர் ஊற்றாமல் சுவிட்சைப் போடாதீர்கள்’ என்ற ஐந்தாவது வரியை அதில் காணோம்.

“ஒன்பது,” என்றாள்.

“அதானே,” என்றார் அவர்.

அந்த ‘அதானே’ அவளைக் கம்ப்யூட்டரிலிருந்து எழுப்பி, தாள் மடிக்கும் மூலையில் கொண்டுபோய் உட்கார வைத்தது. மின்சாதனங்களுக்கு வழிமுறைத் தாள் எழுதிக் கொடுப்பதுதான் அக்காவும் அத்தானும் நடத்தும் அந்த ஓரறை அலுவலகத்தின் தொழில். மூன்று பேர், மூன்று கம்ப்யூட்டர், மூன்று டம்ளர். தப்புச் செய்தவர் டம்ளர் கழுவ வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆறு வாரமாக அவள்தான் கழுவினாள். திங்கட்கிழமை அவள் இடத்துக்குப் புதிதாக ஒருத்தி வருகிறாள். அத்தான் அவளுடைய மானிட்டரில் ‘புதியவருக்கு’ என்று சீட்டே ஒட்டிவிட்டார்.

அந்த வரியை அவள் எழுதியிருந்தாள். அது அவளுக்குச் சத்தியமாகத் தெரியும். எடுத்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை. நடந்தாலும் சத்தம் கேட்காது, பேசினாலும் கேட்காது என்பதால் வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர்.

வெள்ளிக்கிழமை காலையில் பூனை வாயைத் திறந்தது.

“அத்தான், கம்ப்யூட்டர்ல ஒரு சாஃப்ட்வேர் போட்டுக்கட்டுமா? கெட்டில் தாள்ல வரியை யார் எடுத்தாங்கன்னு பார்க்கலாம்.”

முன்பு அங்கே வேலை பார்த்த இன்ஜினியர் ஒருவர், யார் எந்தத் தாளில் எதை மாற்றினாலும் அது பெயரோடும் தேதியோடும் பதிவாகும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார். வேலை முடிந்ததும் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, சுவரில் ஒட்டியிருக்கும் மூன்று வரிகளை அடிக்க வேண்டும். இரண்டாவது வரியில் மட்டும், என்ன மாற்றினோம் என்று நாமாக எழுத இடம் உண்டு. பதிவானதைத் திரும்பப் பார்ப்பது எப்படி என்று சுவரில் இல்லை. அதனால் யாரும் பார்த்ததும் இல்லை. காசைப் போட மட்டும் தெரிந்த உண்டியல் மாதிரி. அதே பதிவுகளைப் படமாகக் காட்டும் மென்பொருள் ஒன்று உண்டு என்பதைப் பூனை எங்கோ படித்திருந்தாள்.

அத்தான் சிரித்தார். “தாராளமா பாரு. என் பேரு வந்தா இந்த மாசம் பூரா டம்ளர் நான் கழுவறேன்.”

“மாசம் முடிய மூணு நாள்தாங்க இருக்கு,” என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

“சரி, அடுத்த மாசமும் சேர்த்துக்க.”

மென்பொருளை இறக்கியாயிற்று. ‘அடுத்து’ பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பூனை, ஒப்பந்தம் என்று வந்த நீளமான பக்கத்தை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். அரை மணி நேரம் ஆயிற்று.

“அதையெல்லாம் எவனும் படிக்க மாட்டான் பூனை.”

“நாம எழுதறதையும்தான் அத்தான்.”

அக்காவுக்குப் புரை ஏறியது.

பதிவுகள் இருக்கும் ஃபோல்டர் எது என்று மென்பொருள் கேட்டது. அவள் காட்டினாள். ‘இங்கே பதிவுகள் எதுவும் இல்லை’ என்றது. அத்தான், “நான் சொல்லல?” என்று நாற்காலியில் சாய்ந்தார். பிறகுதான் பார்த்தாள். அவள் காட்டியது அச்சுக்கு அனுப்பும் நகல்கள் கிடக்கும் ஃபோல்டர். சரியானதைக் காட்டியதும் திரை முழுக்க மூன்று நிறக் கோடுகள் ஜடை பின்னியதுபோல் இறங்கின. ஒரு மாற்றத்துக்கு ஒரு முடிச்சு; ஒவ்வொரு முடிச்சுக்கும் பக்கத்தில் ஒரு பெயர், ஒரு விளக்கம்.

அக்கா எழுந்து வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவளுடைய விளக்கங்கள் ‘சாப்பாட்டுக்கு முன்’, ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று மருந்துச் சீட்டுபோல இருந்தன. பூனையுடையவை: ‘மின்விசிறி: திருகு எண்ணிக்கை திருத்தம்’, ‘கெட்டில்: ஐந்தாம் வரி சேர்த்தேன்’.

மூன்றாவது நிறத்தை அக்கா உரக்கப் படித்தாள். “இங்கே விளக்கம் எழுதவும். இங்கே விளக்கம் எழுதவும். இங்கே விளக்கம் எழுதவும்… ஏங்க, முந்நூறு தடவைக்கு மேல இருக்கு. யாரு இது?”

அத்தான் சுவரைப் பார்த்தார். சுவரில் இரண்டாவது வரியின் நடுவில், இன்ஜினியரின் அழகான கையெழுத்தில் அதுவே எழுதியிருந்தது.

“அப்படியே அடிக்கணும்னுதானே சொன்னாங்க,” என்றார்.

பூனை ‘ஐந்தாம் வரி சேர்த்தேன்’ என்ற முடிச்சுக்கு அடுத்த நாள் முடிச்சைத் தொட்டாள். இங்கே விளக்கம் எழுதவும். அத்தான் பெயர். கீழே, கெட்டில் படம் பெரிதாகியிருந்தது, சேர்த்ததைக் காட்டும் பச்சையில். அதற்கு இடம்விட்டு வெளியேறிய ஐந்தாவது வரி, நீக்கியதைக் காட்டும் சிவப்பில்.

“படம் சின்னதா இருக்குன்னு…” என்று ஆரம்பித்த அத்தான் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“திங்கட்கிழமை வர்றவ தாள் மடிக்கட்டும்,” என்றாள் அக்கா. “அதுக்குத்தான் நமக்கு ஆள் இல்ல. என்னங்க?”

அத்தான் எழுந்து வந்து மானிட்டரில் இருந்த சீட்டை உரித்துக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டார். தன் டம்ளரை எடுத்தார். அக்காவின் மேசையிலிருந்து ஒன்று. பூனையின் டம்ளரில் இன்னும் இரண்டு வாய் டீ இருந்தது. அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, குழாயடிப் பக்கமாக வெளியே போனார்.