பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு

படம் எடுத்துக்கொள்ள ஆட்கள் குளிர்காலத்துக்காகக் காத்திருப்பார்கள் என்பது, தொழிலுக்கு வந்த புதிதிலேயே போட்டோக்காரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. முகம் வியர்க்காது, பூசிய பவுடர் கலையாது, வெயிலும் கண்ணைக் கூச வைக்காமல் பதமாக விழும். பெட்டிக்குள் கிடந்த நல்ல கோட்டுகளெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். அந்தச் சமயத்தில் அவளுக்குச் சாப்பிடக்கூட நேரமிருக்காது. கணவர் போன பிறகு வந்த முதல் குளிர்காலத்தில், நேரமில்லாமல் போவதே புண்ணியம் என்று ஓடிக்கொண்டிருந்தாள்.

ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் வந்தார்.

"ஸ்டூடியோ வேண்டாம்மா. பூங்காவுல எடுக்கணும். காலையில, நல்லாக் குளிரும்போது."

மறுநாள் காலையில் பெஞ்சின் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். "பக்கத்துல கொஞ்சம் இடம் விட்டு எடும்மா."

மனைவியை இழந்தவர்கள் இப்படிக் கேட்பது புதிதல்ல. அவளும் ஒன்றும் கேட்காமல் எடுத்தாள். திரையில் பார்த்தபோதுதான் கை அப்படியே நின்றது. பெரியவரின் வாயிலிருந்து வெள்ளையாக மூச்சு கிளம்பியிருந்தது. அவருடைய தோள் உயரத்தில், காலி இடத்தில், இன்னொரு மூச்சு. சின்னதாக, இழுத்து இழுத்து விட்டது போலத் துண்டு துண்டாக.

லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். அதேதான்.

"ஐயா, மூச்சைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?"

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். திரையில் அவர் பக்கம் சுத்தமாகக் காற்று தெளிந்தது. பக்கத்தில் மட்டும் அந்த வெள்ளை, மெல்ல மேலே போய்க் கரைந்தது.

"படத்துல விழுந்திருக்காளா?" என்றார் பெரியவர் ஆவலாக.

அவள் கேமராவை நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "பாவம், இன்னும் இளைப்பு விடல பாரு."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"காலமெல்லாம் என் காதுல குறட்டை விட்டவ. அவளுக்கா பயப்படறது?" சிரித்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "வெயில் காலம் முழுக்கக் கூடவே இருக்காளான்னு தெரியாமலேயே போயிடுதும்மா. குளிர் வந்தாத்தான் தெரியறா."

அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை. மறுநாள் விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய், கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, அது தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு, சுவரோரம் நின்றாள். பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டாள். படத்தில் அவள் மூச்சு மட்டும்தான் இருந்தது. இடது பக்கம் விட்டுப் பார்த்தாள், வலது பக்கம் விட்டுப் பார்த்தாள். அடுத்தடுத்த நாட்களிலும் பார்த்தாள். ஒன்றுமில்லை.

ஒருநாள் மகள் மேலே வந்துவிட்டாள். "என்னம்மா பண்றே இங்க? உதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு!"

மறைக்கத் தெம்பில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. தன் சால்வையை எடுத்து அம்மாவுக்குப் போர்த்திவிட்டாள்.

"அப்பா என்னிக்கும்மா இவ்வளவு காலையில போர்வையை விட்டு வெளிய வந்தாரு?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது அம்மா உடைந்து அழுதாள். "எனக்காகக்கூட வரலையேடி."

"போயிட்டாரும்மா. நிம்மதியாப் போயிட்டாருன்னு வச்சுக்கோ."

அதற்குப் பிறகு அவள் மாடிக்குப் போகவில்லை. ஆனால் கண் சும்மா இருக்குமா? வெளியே எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் ஆட்களின் எண்ணிக்கைக்குச் சரியாக மூச்சு இருக்கிறதா என்றே தேடியது. பெரும்பாலும் கணக்கு சரியாகவே இருந்தது.

குளிர் உச்சத்தில் இருந்தபோது ஓர் இளம் தம்பதி வந்தார்கள். கடைசியாகப் படம் எடுத்து ரொம்ப நாளாகிவிட்டது என்றான் கணவன். மனைவி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோக்காரம்மா அவர்களைப் பூங்கா மரத்தடியில் நிற்க வைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். இருவரின் மூச்சும் தெரிந்தது. கூடவே கீழே, மனைவியின் முழங்காலருகே, ஊதி அணைத்த தீக்குச்சியின் புகை அளவுக்கு ஒரு வெள்ளை. படத்தின் விளிம்பு அதைப் பாதியில் வெட்டியிருந்தது.

ஒரு சின்னக் குழந்தையின் உயரம் என்று போட்டோக்காரம்மாவுக்குப் பட்டது. கேட்கலாமா? கேட்டால் அந்தப் பெண் தாங்குவாளா?

"என்னக்கா, சரியா வரலையா?" என்றான் கணவன்.

"நல்லா வந்திருக்கு தம்பி. இன்னும் ஒண்ணு எடுத்துக்கறேன்." ஈரப் புல்லில் மண்டியிட்டு, கேமராவை நன்றாகக் கீழே இறக்கிப் பிடித்தாள்.

மூன்றாம் நாள் படம் வாங்க அந்தப் பெண் தனியாக வந்தாள். முகங்களைப் பார்க்கவேயில்லை. படத்தின் கீழ்ப்பகுதியில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"அக்கா, இதையே பெருசாப் போட்டுக் குடுங்க," என்றாள், தலை நிமிராமல். "கீழ எதையும் வெட்டிடாதீங்க."