ஏழுதண்ணி

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பாட்டில் கழுவுகிறவருக்கு ஏழுதண்ணி என்று பட்டம். சோப்புப் போட்டுத் தேய்த்ததை ஏழு தண்ணீரில் அலசி வைப்பார். உடம்பிலிருந்து எடுத்த செல்லைப் பாட்டிலுக்குள் விட்டு வளர்க்கிற இடம் அது. கண்ணுக்குத் தெரியாத அந்த உயிருக்குத் துளி சோப்பு பட்டாலும் ஆகாது.

ஆனால் இரண்டு மாதமாக வலது தோள் கையைத் தூக்கவிடவில்லை. ஏழு தண்ணீர் நாலாகிப் போனது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. பட்டம் மட்டும் ஏழிலேயே நின்றது.

திங்கட்கிழமை காலையில் கூடத்தின் தலைவியான மேடமே கழுவுகிற அறைக்கு வந்துவிட்டார். அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவர்.

"அண்ணே, பாட்டில்ல இருந்த செல் எல்லாம் செத்துக் கிடக்கு. எட்டு வயசுப் பிள்ளையோட கட்டியிலேர்ந்து எடுத்தது. எந்த மருந்து கேக்கும்னு இதுல போட்டுப் பாத்துட்டுத்தான் பிள்ளைக்குக் குடுக்கணும். மருந்து ஊத்துறதுக்கு முந்தியே செத்துப்போச்சு. அதே செல்லை உறைய வச்ச குப்பி இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."



பின்னால் நின்ற ஆராய்ச்சிப் பெண், செல்லுக்குத் தினமும் தீனி ஊற்றுகிறவள், பரிந்து பேசினாள். "ஏழுதண்ணி அண்ணே மேல குத்தம் இருக்காது மேடம். ஒரு டம்ளர் குடுத்தாகூட ஏழு தடவை அலசிட்டுத்தான் டீ குடிப்பாரு."

யாரும் சிரிக்கவில்லை.

"சோதிச்சுப் பாத்துருவோம்" என்றார் மேடம். "உங்க அலமாரியிலேர்ந்து அஞ்சு பாட்டில், கடையில வாங்கின புதுசு அஞ்சு. ரெண்டுலயும் எலி செல்லைப் போட்டு மூணு நாள் வைப்போம். செல்லு பொய் சொல்லாது. நாளைக்குக் காலைல அஞ்சைக் கொண்டாங்க."

அவர்கள் போனதும் கதவைச் சாத்தினார். வெளியே சத்தம் கேட்கக்கூடாதென்று குழாயைக் கொஞ்சமாகத் திறந்தார். தோள் விண்விண்ணென்று தெறிக்க, ஐந்து பாட்டிலைப் பத்துத் தண்ணீர் அலசினார். மற்ற அறுபதும் அலமாரியில் பளபளவென்று நின்றன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான்.

மூன்று நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்களே, என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"தோள்வலி" என்றார். அதுவும் பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை மேடம் அவரையே மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். குளத்துப் பாசிபோலச் செல் படர்ந்திருந்தது. பத்துப் பாட்டிலிலும் உயிரோடு.

"சந்தேகப்பட்டதை மனசுல வச்சுக்காதீங்கண்ணே." மேடம் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "அப்ப கோளாறு உன் கையிலதான். மிச்சமிருக்கிற குப்பியாவது ஒழுங்காப் பாரு. அப்புறம் வேற இடம் தேடிக்க."

அவள் கையுறைக்குள் இருந்த தன் விரல்களையே புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

ஏழுதண்ணிக்கு வேலை தப்பியது. அவர் கழுவுகிற அறைக்குத் திரும்பினார்.

கால்மணி நேரத்தில் அவள் அலமாரிக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"புதுசு அஞ்சும் தீந்துபோச்சுண்ணே. உங்க பாட்டில்தான் பாஸாயிருச்சே, அதுலயே போடுன்னுட்டாங்க. ஒண்ணு குடுங்க, குப்பியை எடுக்கப் போறேன்."

கேட்டுக்கொண்டே அவளே ஒரு பாட்டிலை எடுத்தாள். அவர் அதன் கழுத்தைப் பிடித்தார். இருவர் கையிலும் பாட்டில் நின்றது.

"விடுங்கண்ணே."

"குப்பியை எடுக்காதம்மா."

"ஏன்?"

 "இது நாலு தண்ணிதான்."

அவளுக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. "சோதிச்ச அஞ்சு?"

"அது பத்து."

"மிச்சமெல்லாம்?"

"நாலு. ரெண்டு மாசமா."

அவள் பாட்டிலை விட்டுவிட்டாள். அலமாரியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"பாவி மனுஷா" என்றாள். பிறகு குரல் தேய்ந்து, "இதைச் சொன்னா உங்களை இன்னிக்கே அனுப்பிருவாங்களேண்ணே."

"தெரியும்."

"நான் போய்ச் சொல்லட்டா?"

"வேண்டாம். நீ போய் அந்தக் குப்பிகிட்ட நில்லு. வேற யாரும் தொட்டுறப் போறாங்க."

தாழ்வாரத்தைக் கடந்தார். மேடத்தின் கதவுக்கு முன்னால் நின்றார். உள்ளே மேடம் யாரிடமோ, "பிள்ளையை இன்னும் ஒரு வாரம் தாங்கவைங்க" என்று போனில் பேசிக்கொண்டிருந்தார். தட்டுவதற்கு வலது கையைத் தூக்கினார். தோள் தூக்கவிடவில்லை.

இடது கையால் தட்டினார்.