பெரியம்மா பையனுக்குப் பருப்புப்பொடி

எங்கள் டிபார்ட்மெண்டுக்கு தைபே நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்று ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு சீட் கொடுத்தது. எக்ஸ்சேஞ்ச் புரோகிராம். அவர்கள் ஊரிலிருந்து யாரும் எங்கள் கல்லூரி இருக்கும் பொத்தேரிக்கு வரத் தயாராக இல்லாததால் இதில் எக்ஸ்சேஞ்ச் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

வகுப்பில் அந்த சீட்டுக்குத் தகுதியானவர்கள் இரண்டு பேர். நான், ஜெபகுமார். பொழிச்சலூரில் அடுத்தடுத்த தெரு. பல்லாவரம் வரை என் ஸ்கூட்டர், அங்கிருந்து மின்சார ரயில். ஜெபா பின்னால் உட்கார்ந்து வருவான். பெட்ரோல் தீர்ந்த நாட்களில் மட்டும் இறங்கி முன்னால் நடப்பான்.

"மச்சான், ஒரு சீட்டுக்காக நம்ம ரெண்டு பேரும் அடிச்சிக்கணுமா?" என்றான் ஒருநாள். "போனா ரெண்டு பேரும் போலாம். இல்லன்னா யாரும் வேணாம்."

நான் அதற்குள் சாப்ஸ்டிக் பழக்கத்துக்காக இரண்டு பென்சிலால் வடையைப் பிய்த்துத் தின்னக் கற்றிருந்தேன். இருந்தாலும் சரி என்றேன். எங்கள் தியாகத்தைக் கொண்டாட ஸ்டேஷன் வாசலில் பரோட்டா சாப்பிட்டோம். ஜெபா சால்னாவைத் தொடாமல், சர்க்கரை தொட்டு இரண்டு செட் சாப்பிட்டான். அவனுக்குக் காரம் ஆகாது. பச்சை மிளகாயைப் பார்த்தாலே விக்கல் வரும். ஆனால் தியாகம் செய்தவனுக்கு இரண்டு செட் பசி வராது என்று எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் பென்சில் வித்தையைத் தனக்கும் சொல்லிக்கொடு என்றான்.

"எதுக்குடா?"

"சும்மா. கத்துக்கிட்டா தப்பா?"

சொல்லிக்கொடுத்தேன்.

பங்குனி உத்திரத்தன்று நான், அம்மா, ஜெபா மூவரும் குன்றத்தூர் மலைக்குப் போனோம். ஜெபா வருவது கோயில் பிரசாதப் பொங்கலுக்காக. கர்த்தர் இதில் கண்டிப்பு காட்டுவதில்லை என்பான். அப்ளிகேஷனுக்குக் கடைசித் தேதி அதற்கடுத்த வாரம். முருகா, அந்த ஒரு சீட்டை இரண்டாக்கிவிடு என்று வேண்டிக்கொண்டேன். ஒரே இடத்தில் இரண்டு பேரை உட்கார்த்தி வைத்துச் சமாளித்த அனுபவம் அவருக்கு உண்டு.

கடைசித் தேதி வந்தது, போனது. நான் வாக்குத் தவறவில்லை.

ஆகஸ்டில் ஜெபா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டான். "ஆன்ட்டி, எங்க பெரியம்மா பையன் தைவான் போறான், வேலைக்கு. உங்க பருப்புப்பொடி கொஞ்சம் கிடைக்குமா?"

எங்கள் தெருவிலிருந்து யார் வெளிநாடு போனாலும் பெட்டியில் பாஸ்போர்ட்டுக்கு அடுத்தபடியாக அம்மாவின் பொடி இருக்கும். அம்மா சந்தோஷமாகப் பருப்பு வறுத்தாள். மில்லுக்குப் போவது என் வேலை. தூக்கை வாங்கும்போது திறந்து பார்த்தேன்.

"என்னம்மா, மிளகாயே இல்லையே?"

"அவனுக்கு வயத்துக்கு ஒத்துக்காதுடா."

"யாருக்கு?"

"அந்தப் பையனுக்குத்தான்."

"ஜெபாவோட பெரியம்மா பையனை நீ எப்போ பாத்தே?"

அம்மா கரண்டியைக் கழுவ ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே கழுவிய கரண்டி.

"ஜெபாதான் போறானா?"

"ரத்தினபாய் சத்தியம் வாங்கிண்டாடா. நீ மனசு கஷ்டப்படுவேன்னு."

ரத்தினபாய் ஜெபாவின் அம்மா. என் மனசைப் பற்றி அடுத்த தெருவில் இவ்வளவு அக்கறை.

"அவன் அப்ளை பண்ணினது உனக்கு எப்போ தெரியும்?"

அம்மா கரண்டியைத் துடைத்தாள்.

"கடைசித் தேதிக்கு முன்னாடியா, அப்புறமா?"

"குன்றத்தூர் போயிட்டு வந்தோமே. அன்னிக்கு சாயந்தரம் சொன்னா."

முன்னாடி. ஒரு வாரம் முன்னாடி. நான் வாக்குத் தவறாமல் வீட்டில் உட்கார்ந்து அம்மா போட்ட காபியைக் குடித்துக்கொண்டிருந்த ஒரு வாரம்.

"நான் போயிருந்தாலும் ஆறு மாசம்தானேம்மா."

"ஆறு மாசம்னுதான் எல்லாரும் கிளம்பறா" என்றாள் அம்மா. "நீ ஒருத்தன்தானே எனக்கு."

"அப்பாவுக்கும் தெரியுமா?"

ஹாலில் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

தூக்கை எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனேன். கனகவல்லி அக்கா மில்லில் இரண்டு மிஷின். ஒன்று அரிசி, கோதுமைக்கு. மற்றது மிளகாய், மல்லி, பொடி வகைகளுக்கு. அதில் யாராவது மிளகாய் அரைத்திருந்தால் நாம் ஒதுங்கி நிற்க வேண்டும். வேறு யாரோ மல்லி அரைத்து மிஷினைச் சாந்தப்படுத்திய பிறகுதான் பருப்பைக் கொட்டுவது மரபு.

"இப்பதான் குண்டு மொளகா ஓடிக்கினு கீது தம்பி. இன்னா பருப்பா? மல்லி வர்ற வரைக்கும் குந்து."

"பரவாயில்லக்கா. மிளகாய் முடிஞ்சதும் போட்டுருங்க."

"சொல்றது புரிதா? செவந்துடும். காரம் மண்டைக்கு ஏறிடும்."

"வெளிநாட்டுக்குப் போகுதுக்கா. அங்க குளிராம்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போட்டாள். பொடி நல்ல நிறத்தில் வந்தது. நானே பாக்கெட் போட்டு ஒட்டினேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ஜெபா போன் செய்தான். "மச்சான், கடைசி நேரத்துல எனக்குக் கிடைச்சிடுச்சுடா. வேற யாருமே அப்ளை பண்ணலையாம்."

"அப்படியா. உங்க பெரியம்மா பையன்?"

"அவன் போகலடா. பொடிய எனக்கே குடுத்துட்டான்."

"நல்ல மனசு" என்றேன்.

விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். வீடு திரும்பும்போது எங்கள் தெருவுக்கு மேலே ஒரு விமானம் போனது. பொழிச்சலூரில் அது எப்போதும் போவதுதான். ஆனாலும் அடிவயிறு தெரிகிற அளவுக்குத் தாழ்வாகப் போனது கொஞ்சம் அதிகம்.

பத்து நாள் கழித்து வீடியோ காலில் வந்தான். கண் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நான் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"மச்சான், அந்தப் பொடி."

"ம்."

"மொத நாள் செத்தே போயிட்டேன்டா. ஆனா இங்க எதைத் தின்னாலும் தித்திப்பா கீது. மூணாவது நாள் பழகிடுச்சு. இப்போ அது இல்லாம சோறு இறங்கல. ரூம்ல ஒரு வியட்நாம்காரன், அவனும் ஸ்பூன் ஸ்பூனா திங்கிறான். தீர்ந்துடுச்சுடா. ஆன்ட்டிகிட்ட இன்னும் கொஞ்சம் கேளேன். இதே காரம், குறைச்சுடாதீங்கன்னு சொல்லு."

அம்மா என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "பாவம், எவ்வளவு ஆசையா கேக்கறான்."

அக்டோபரில் அடுத்த செமஸ்டருக்கான அறிவிப்பு வந்தது. மறுபடியும் ஒரே சீட். அன்று மாலையே அப்ளை செய்தேன். ஜெபாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. காபி கொடுத்தாள், குடித்தேன், நல்ல காபி. பட்டியலில் என் பெயர் வந்தபோதும் அப்படியேதான்.

ஜெபாவுக்கு அனுப்ப அம்மா மறுபடி பருப்பு வறுத்தாள். மில்லுக்குப் போகிற வழியில் கடையில் நிறுத்தி, வறுத்த பருப்பு இன்னொரு பை வாங்கிக்கொண்டேன்.

"இன்னா தம்பி, இந்த வாட்டி ரெண்டு பை?" என்றாள் கனகவல்லி அக்கா. "ஒண்ணு உன் சிநேகிதனுக்கு. இன்னொண்ணு யாருக்கு?"

"எங்க பெரியம்மா பையனுக்கு" என்றேன்.