எதிராளியின் நாற்காலி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது. லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். இருட்டுக் குழிக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மட்டும் பொறுமையின் சிகரமாக இருப்பேன். தரைக்கு வந்ததும் அதெல்லாம் போய்விடும்.

அதனால், புருஷனோடு இனி முடியாது என்று தங்கை சொன்ன அன்றே நான் வக்கீல் தேடக் கிளம்பிவிட்டேன். சாதாரண வக்கீல் இல்லை, புலி வேண்டும் எனக்கு. பிரிவதில் இரண்டு பேருக்கும் சம்மதம்தான். சண்டையெல்லாம் ஆறு வயதுக் குட்டிக்காக. மாப்பிள்ளைக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது, ரயிலில் மூன்று மணி நேரம். மகளையும் தன்னோடு அனுப்ப வேண்டும் என்று கோர்ட்டில் கேட்டிருந்தான். குட்டி போய்விட்டால் என் தங்கை என்ன ஆவாள்?

முதலில் பெரிய நகரத்துக்குப் போய் ஒரு புலியைப் பார்த்தோம். கண்ணாடி மேசை, குளுகுளு அறை. "அவனைக் கூண்டுல ஏத்தி நார் நாரா கிழிச்சிடலாம்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தங்கைக்குக் குளிரவில்லை. "அண்ணே, அவர் குட்டி பேரைக்கூட கேக்கலையே" என்றாள் படியிறங்கும்போது. "நம்ம வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு வக்கீலம்மா இருக்காங்க. இந்த மாதிரி கேஸ் மட்டும்தான் பாப்பாங்களாம். அவங்ககிட்ட போலாம்."

"ரெண்டு தெரு தள்ளி தையல்காரர்கூட இருக்காரு. அவர்கிட்ட போலாமா?"

அவள் மடமடவென்று எனக்கு முன்னால் இறங்கிப் போனாள். அப்படி முன்னால் போனால் அவள் முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம்.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மாடியில் இருந்தது. பல்லைக் குடையும் சத்தம் தரை வழியாக மேலே வந்துகொண்டே இருந்தது. கீழே பல்லைப் பிடுங்க, மேலே குடும்பத்தைப் பிடுங்க, நல்ல பொருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். வக்கீலம்மாவுக்கு என் தங்கையைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். ஒல்லியான உருவம், மெல்லிய குரல். இந்தக் குரல் கோர்ட்டில் முதல் வரிசைக்காவது கேட்குமா என்று எனக்குச் சந்தேகம்.

குட்டியின் பேரைக் கேட்டார். அவளுக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவாள், பள்ளியில் யார் பக்கத்தில் உட்காருவாள் என்றெல்லாம் கேட்டார். சொல்லச் சொல்லத் தங்கையின் முகம் மலர்ந்தது. போன மாதம் பள்ளிக்கூடத்தில் குட்டி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டதையும், மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு வந்ததையும், வாசலில் இவளைப் பார்த்ததும் குட்டி ஊரைக் கூட்டி அழுததையும் சொன்னாள்.

பிறகு வக்கீலம்மா அறையின் மூலையைக் காட்டினார். கைப்பிடி இல்லாத ஒரு மர நாற்காலி அங்கே இருந்தது.

"அதுல உக்காந்து உங்க வீட்டுக்காரரா பேசுங்க. அவர் பக்கத்து நியாயத்தை அவர் வாயால சொல்ற மாதிரி சொல்லணும்."

"நாங்க என்ன நாடகம் போடவா வந்திருக்கோம்?" என்றேன்.

"எங்கிட்ட வர்ற எல்லாரும் ஒரு தடவை அதுல உக்காருவாங்க சார். உக்கார முடியலைன்னா நான் கேஸ் எடுக்கறதில்ல."

தங்கை போய் உட்கார்ந்தாள். முதலில் மூஞ்சியைக் கோணிக்கொண்டு, "நான் ரொம்ப நல்லவன், அவதான் வாயாடி" என்றாள். நான் சிரித்தேன். வக்கீலம்மா சிரிக்கவில்லை, காத்திருந்தார். கீழே குடைகிற சத்தம் நின்றது. தங்கை குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். அப்புறம் பேசினாள்.

"வீட்டுக்கு வந்தா எங்கூட யாரும் பேசறதில்ல. அவளுக்கு எப்பவும் அண்ணன்தான் ஒசத்தி. எது நடந்தாலும் முதல் போன் அண்ணனுக்குத்தான். எனக்குன்னு இருக்கறது என் பொண்ணு மட்டும்தான். நான் எதுல வேணா பொய் சொல்லுவேன். அவ விஷயத்துல சொல்ல மாட்டேன்."

சொல்லி முடித்துவிட்டுத் தானே திடுக்கிட்டாள். "எப்படி வந்துச்சுன்னே தெரியல" என்றாள், பழைய குரலில்.

"போதும்" என்றார் வக்கீலம்மா. "கேஸை எடுத்துக்கறேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போதாக்குறைக்கு என்னை வேறு குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். வீடு வரும் வரை தங்கையோடு பேசாமலே வந்தேன்.

விசாரணை நாளில் நான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிட்டேன். குடும்ப நீதிமன்றம் என்றால் என்னவோ என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான். நீதிபதி இருமல் மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்க வக்கீல், நாங்கள் முதலில் பார்த்த புலியைப் போலவே இன்னொரு புலி. புதிய வீடு, பெரிய பள்ளி, நல்ல வேலை என்று மாப்பிள்ளையின் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வரவழைத்தார். மாப்பிள்ளையும் சலவைச் சட்டையில் நிமிர்ந்து நின்றான்.

எங்கள் வக்கீலம்மா எழுந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பார் என்று நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"பொண்ணுக்கு தலை வாரி விடுவீங்களா?"

மாப்பிள்ளை திகைத்தான். "விடுவேங்க. ரெட்டைப் பின்னல். முன்னாடியெல்லாம் கோணலா வரும். இப்ப நேரா வருது."

"சாப்பிட அடம் பிடிச்சா?"

"கதை சொல்லுவேன். ஒரு வாய்க்கு ஒரு வரி. வாயைத் திறந்தாத்தான் அடுத்த வரி."

நீதிபதியே சிரித்துவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. இந்த அம்மா யாருக்கு வக்கீல்? அவனுக்குச் சிபாரிசு செய்யவா வந்தார்? எழுந்துவிடுவேனோ என்று பயந்து தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணுக்கு முழங்கால்ல அடிபட்டப்ப நீங்கதானே பள்ளிக்கூடத்துலேர்ந்து தூக்கிட்டு வந்தீங்க?"

"ஆமாங்க. ஆட்டோ கிடைக்கல. தூக்கிட்டே நடந்தேன்."

"வழியில உங்க தோள்ல சாஞ்சுக்கிட்டு என்ன சொன்னா?"

எதிர்ப்பக்க வக்கீல் துள்ளி எழுந்தார். நீதிபதி அவரைப் பார்க்காமலே கையைக் காட்டி உட்கார வைத்தார். மாப்பிள்ளை கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு பொய் போதும் அவனுக்கு. அப்பா நீ நல்லவன் என்றாள் என்று சொல்லியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அன்று அந்த வழியில் இருந்தது அவனும் ஒரு குழந்தையும் மட்டும்தான்.

"அம்மாகிட்ட கூட்டிட்டுப் போன்னு சொன்னா" என்றான். "வழி முழுக்க அழவே இல்லைங்க. அவ்வளவு ரத்தம் வந்துது, பல்லைக் கடிச்சிட்டே வந்தா. அம்மாவைப் பாத்ததுக்கப்புறம்தான் அழுதா. அழறதுக்குக்கூட அவளுக்கு அம்மா வேணும்."

"அவ்வளவுதான்" என்று வக்கீலம்மா உட்கார்ந்துவிட்டார்.

அந்த மெல்லிய குரல் ஓங்கவே இல்லை. யாரையும் கிழிக்கவில்லை, யாரும் தலை குனியவில்லை. ஆனால் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தீர்ப்பு தெரிந்துவிட்டது. அதைச் சொன்னவன், தோற்கப் போகிறோம் என்று தெரிந்தே சொன்னான். என் வாழ்நாளில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. கும்பிடத் தோன்றியது. வக்கீலம்மாவையா, மாப்பிள்ளையையா என்றுதான் தெரியவில்லை.

வராந்தாவில் வக்கீலம்மாவைப் பிடித்தேன். "அவன் அப்படி சொல்லுவான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது சார்."

"தெரியாமலா கேட்டீங்க? வேற ஏதாவது சொல்லியிருந்தா?"

"பொண்ணு விஷயத்துல பொய் சொல்ல மாட்டாருன்னு உங்க தங்கச்சிதானே சொன்னாங்க? நீங்களும்தான் கூட இருந்தீங்க." அடுத்த கேஸுக்கு நேரமாகிவிட்டது என்று விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

குட்டி அம்மாவோடுதான் இருக்க வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். அப்பா எப்போதெல்லாம் வந்து பார்க்கலாம் என்பதை மட்டும் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு வரச் சொன்னார். அதற்காக மறுபடி அந்த மாடிக்குப் போனோம்.

"மாசத்துக்கு ஒரு தடவை வரட்டும்" என்றாள் தங்கை.

"அதுவே ஜாஸ்தி" என்றேன் நான். ஜெயித்தவனுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கத்தானே செய்யும்.

வக்கீலம்மா மூலையைப் பார்த்தார். தங்கை பெருமூச்சோடு எழுந்தாள்.

"நீங்க இல்லம்மா. சார் உக்காரட்டும்."

"நானா? யாரா பேசணும்? அவனாவா?"

"குட்டியா."

வேடிக்கையாகத்தான் போய் உட்கார்ந்தேன். நாற்காலியின் ஒரு கால் குட்டை போல, ஆடியது. குரலைச் சின்னதாக்கி, "மாமா, ஐஸ்கிரீம் வாங்கிக் குடு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு தோள் நினைவுக்கு வந்தது. சிராய்த்த முழங்காலோடு அதில் சாய்ந்துகொண்டு, அழாமல் வருவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இறக்கிவிட்டால் நடக்க முடியாது. அந்தத் தோள் இறக்கிவிடாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அவளால் வர முடிந்தது.

"அம்மா பின்னினா இறுக்கமா இருக்கு" என்றேன். என் குரல்தான், ஆனால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "அப்பா பின்னினா இருக்கறதில்ல. கதையில அடுத்த வரி என்னன்னு சொல்லாமயே போயிட்டாரு. எப்ப வருவாரு?"

கண்ணைத் திறந்தபோது தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இறுக்கமா இருக்குன்னு அவ உங்கிட்ட சொன்னாளாண்ணே?"

"இல்ல. எப்படி வந்துச்சுன்னே தெரியல."

கீழே யாருக்கோ பல்லைக் குடைந்துகொண்டிருந்தார்கள். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு வக்கீலம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"வாரா வாரம்" என்றாள். "சனிக்கிழமை காலையில முதல் ரயில்ல வரச் சொல்லுங்க. அன்னிக்கு நான் தலை வாராம வெச்சிருக்கேன்."