வெள்ளிக்கிழமை சரித்திரப் பரீட்சை

தகன நேரத்தை மாற்ற முடியாது என்று மனேஜர் சொல்லி இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. கேதீஸ்வரன் தகனசாலையின் பின்பக்கத்தைத் தேடி நடந்துகொண்டிருந்தான். புகைக்கூடு எங்கே நிற்கிறதோ அதற்குக் கீழே கட்டாயம் ஒரு மனிதன் இருப்பான், அதிகாரத்தில் பாதி அவன் கையில்தான் இருக்கும். முதலில் ஊரில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையிலும் பிறகு கடல் கடந்து வந்து செவன் ஹில்ஸ் பிஸ்கட் தொழிற்சாலையிலும் பதினைந்து வருடம் கொதிகலனோடு மாரடித்தவனுக்கு இது தெரியாதா?

அவன் மனைவி சிவனேஸ்வரி முதல்நாள், புதன்கிழமை காலையில், ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். எட்டு மாதமாக எதிர்பார்த்ததுதான். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தகனம் என்று நேரம் கொடுத்திருந்தார்கள். அதை விட்டால் செவ்வாய்க்கிழமைதான் இடம். அதுவரை அவளைக் குளிர்ப்பெட்டியில் கிடத்தி வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் அதே வெள்ளிக்கிழமை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரை மகள் வதனாவுக்கு எச்எஸ்சி என்ற பள்ளி இறுதித் தேர்வில் சரித்திரப் பரீட்சை. தவறவிட்டால் இன்னொரு வருடம் போகும். தாய் இல்லாத வீட்டில் அந்த ஒரு வருடம் பிள்ளையை எங்கே கொண்டுபோய் நிறுத்துமோ என்ற பயம் அவனுக்கு இருந்தது.

உலைக்காரர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டைப்பையில் லாஸ்லோ என்று தைத்திருந்தது. கேதீஸ்வரனுக்கு விஷயத்தை எடுத்த எடுப்பில் சொல்ல வரவில்லை. உலையின் கண்ணாடித் துளையைப் பார்த்தான். சுவாலை மஞ்சளாக எரிகிறது, காற்றுப் போதவில்லை என்றான். லாஸ்லோ எழுந்துபோய் ஒரு கைப்பிடியைத் திருப்பினார், சுவாலை நீலமானது. இரண்டு நெருப்புக்காரர்கள் அறிமுகமாக அதற்கு மேல் என்ன வேண்டும்?

பிறகு அவன் எல்லாவற்றையும் சொன்னான். இரண்டரை மணிதான் கடைசி நேரம், அதையும் வேறொருவர் எடுத்துவிட்டார், மூன்றரைக்கு உலையை அணைத்துவிடுவோம் என்று மனேஜர் சொன்னதையே லாஸ்லோவும் திருப்பிச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். என்ன பரீட்சை என்று கேட்டார்.

"சரித்திரம். ஐரோப்பாவில் நடந்த புரட்சிகள்."

லாஸ்லோ பாணைக் கீழே வைத்தார். சரியாக இருபது வருடத்துக்கு முன்பு புடாபெஸ்ட் நகரத்தில் அவர் பொறியியல் மாணவன். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்க ஊரே தெருவுக்கு வந்தது, அவரும் போனார். பிறகு டாங்கிகள் வந்தன. அவர் இரவோடிரவாக எல்லையைத் தாண்டி நடந்தவர், திரும்பிப் போகவேயில்லை.

"அந்தப் பரீட்சையை இன்னும் கனவில் எழுதிக்கொண்டிருக்கிறேன்," என்றார் அவர், உடைந்த ஆங்கிலத்தில். "நேரம் போதுவதேயில்லை. நீ நாலு மணிக்குக் கொண்டு வா. உலை அணையாது. மனேஜரிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

மெரிலேண்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பியபோது சிவனேஸ்வரியின் தமையன் கணேசலிங்கம் முன்னறைக் கதிரையில் இருந்தார். மெல்பேர்னிலிருந்து பதினொரு மணி நேரம் தானே கார் ஓட்டி வந்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கேதீஸ்வரன் நேரம் மாறியதைச் சொன்னான்.

"மாத்தினது சரி," என்றார் அவர். "ஆனா தாய் பிணமாக் கிடக்க மேள் சோதினைக்குப் போறதோ? செத்தவீட்டுத் துடக்கெல்லோ, கேதீஸ். ஊர் என்ன சொல்லும்?"

உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாதுதான். ஆனால் 1976இல் மெரிலேண்ட்ஸில் ஊர் என்று சொல்ல மொத்தம் ஐந்து தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. அதில் இரண்டு ஒன்றோடொன்று பேசுவதில்லை. கேதீஸ்வரன் மகளின் அறைக்குப் போனான்.

வதனா மூடிய புத்தகத்தை மடியில் வைத்தபடி கட்டிலில் இருந்தாள்.

"நான் போகமாட்டன் அப்பா. எல்லாம் மறந்து போச்சு."

அவன் நிலத்தில் உட்கார்ந்தான். இந்த எட்டு மாதமும் பின்னேரங்களில் அவள் அன்றைய பாடத்தைத் தாய்க்குத் தமிழில் சொல்லுவாள். அம்மாவுக்கு விளங்கினால் ஆங்கிலத்தில் எழுதிவிடலாம் என்பது அவள் கணக்கு. சிவனேஸ்வரியும் சும்மா கேட்கிற ஆள் இல்லை. மான்செஸ்டர் பஞ்சாலையில் வேலை செய்த பிள்ளைகளுக்கு மத்தியானம் யார் சோறு கொடுத்தது என்று கேட்பாள். அது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேதீஸ்வரனும் எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"பிரெஞ்சுக்காரர் சிறையை உடைச்சது ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு," என்றான்.

அவள் நிமிரவில்லை. "எண்பத்தொன்பது."

"ஓம், எண்பத்தொன்பது. அந்த ராசாதானே முதல் தறி எந்திரம் செய்தவர்?"

"அப்பா."

"பிறகேன் ஜேம்ஸ் வாட்டின்ரை தலையை வெட்டினவை?"

கொதிகலன்காரனுக்கு ஜேம்ஸ் வாட்டைத் தெரியாமல் இருக்குமா? அவன் வேண்டுமென்றே பிழை விடுகிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் திருத்தாமல் இருக்க அவளால் முடியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, வாட் படுக்கையில் நிம்மதியாகச் செத்தவர் என்றாள். வெட்டுப்பட்டது பதினாறாம் லூயி, தொண்ணூற்று மூன்று தை மாதம் என்றாள். அவன் அடுத்த பிழையை விட்டான், அவள் அதையும் திருத்தினாள். பாண் தட்டுப்பாட்டில் தொடங்கி ஆலைச் சட்டம் வரைக்கும் அவள் ஒரே மூச்சில் போனாள். கதவடியில் கணேசலிங்கம் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

"ராசாவை வெட்டின பிறகு பாண் விலை குறைஞ்சதோ?" என்று கேட்டார் அவர்.

"இல்லை மாமா, கூடினது."

"அதுதானே பார்த்தன்," என்று அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். "சொல்லு பிள்ளை. அதுக்குப் பிறகு?"

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அவர் வேட்டி கட்டி, கார்ச் சாவியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். சோதினை முடியும்வரை பள்ளிக்கூட மதில் ஓரம் நிற்பேன், நீ பயப்படாமல் எழுது என்றார். சொன்னபடியே மூன்று மணி நேரமும் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றார்.

நான்கு மணிக்கு வெயில் இன்னும் சுள்ளென்று அடித்தது. ஐந்து குடும்பங்களும் வந்திருந்தன, பேசாத இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பிஸ்கட் தொழிற்சாலையிலிருந்து எட்டுப் பேர் வேலையுடுப்போடு வந்திருந்தார்கள். குருக்கள் இல்லாத ஊர் என்பதால் தேவாரத்தைக் கணேசலிங்கமே பாடினார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

வதனா வாய்க்கரிசி போட்டாள். அவளுடைய நடுவிரலில் மை அப்பியிருந்தது. போட்டுவிட்டு விலகுவாள் என்று கேதீஸ்வரன் நினைத்தான். அவள் குனிந்து தாயின் காதருகில் பேசத் தொடங்கினாள்.

"அம்மா, இங்கிலாந்திலை ஏன் பிரான்ஸ் மாதிரிப் புரட்சி வரேல்லை எண்டு கேட்டவை. நான் முதல்லை பஞ்சாலையைப் பற்றி எழுதினனான்..."

அவனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மூன்று நாளாக வராத அழுகை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, சுவரில், பெட்டியை உலைக்குள் அனுப்பும் பொத்தானில் கையை வைத்தபடி லாஸ்லோ அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் நாலே முக்கால். கொஞ்சம் பொறுங்கள் என்று கேதீஸ்வரன் கையைத் தூக்கினான்.

வதனா இரண்டாம் கேள்விக்குப் போயிருந்தாள். லாஸ்லோ பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, ஓரத்தில் கிடந்த கதிரையில் போய் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டார்.