தலை வெட்டாத மீன்

சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு அனோஜினி எல்லா மீன்களுக்கும் தலை வெட்டி முடித்திருந்தாள். செதில் சுரண்டி, குடல் எடுத்து, மஞ்சளும் உப்பும் பிரட்டிச் சட்டிக்குள் அடுக்கியிருந்தாள். தலைகள் ஒரு பையில் கட்டிக் கிடந்தன.

அவள் கணவன் கிருபானந்தன் குளித்துவிட்டுக் கீழே வந்து சட்டியைப் பார்த்தான். அவை கறிக்கு வாங்கிய மீன்கள் அல்ல. தூண்டில் இரைக்கு வாங்கியவை. இரவு பிரீசரிலிருந்து எடுத்து, இளகட்டும் என்று சிங்கில் போட்டுவிட்டுப் படுத்திருந்தான். அவளிடம் சொல்லவில்லை. சிங்கில் மீன் கிடந்தால் அவள் என்ன செய்வாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹெரிங்தானே, என்றாள். சூடை மீன் மாதிரித்தான். பொரித்தால் நன்றாக இருக்கும்.

கிருபானந்தனின் நண்பன் வின்சன்ட் வந்தபோது அவள் கையில் இன்னும் மஞ்சள் இருந்தது. அவன் துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றும் லொறி ஓட்டுகிறவன். கிழக்குப் பக்கத்தில் வீடு. இவர்களுடைய வீடு இருக்கும் பியர்பொன்ட்ஸ் வருவதற்கு நகரம் முழுவதையும் குறுக்கே கடந்து வந்திருந்தான். தூண்டில் நரம்பும் ஊசியும் தூண்டில் முட்களும் இருந்த பெட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சட்டிக்குள் நீண்ட நேரம் பார்த்தான்.

“தங்கச்சி, சல்மன் உப்புப் புளி பாக்கிறேல்லை. அதுக்கு முழு மீன் வேணும். தலையோடை.”

“அப்ப சல்மனை இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ அண்ணை. பொரிச்சுக் குடுக்கிறன்.”

வின்சன்டின் அத்தானுக்கு வன்கூவர் தீவில் படகு இருக்கிறது. ஒவ்வொரு ஓகஸ்டும் வின்சன்ட் அங்கே போவான். இந்த வருடம் கிருபானந்தனையும் கூப்பிட்டிருந்தான். சின்ன இரைக்குச் சின்ன மீன்தான் வரும், பெரிய சினூக் சல்மன் வேண்டுமென்றால் முழு ஹெரிங்கைக் கோர்க்க வேண்டும், செதில் ஒன்றும் உதிராமல் மினுங்க வேண்டும் என்றான். அத்தானின் படகில் ஒரு சட்டம். அவரவர் இரையை அவரவர்தான் கோர்க்க வேண்டும். அதனால்தான் இந்த ஒத்திகை.

கிருபானந்தன் வருகிறேன் என்று சொல்லியிருந்தான். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டிவரும்.

அவன் டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் சமையற்காரன். சென்ற குளிர்காலத்தில் கழுவும்போது வைன் கிளாஸ் ஒன்று கைக்குள் உடைந்தது. வலது மணிக்கட்டின் உட்புறம் வெட்டுப்பட்டது. அறுந்த நரம்பைத் தைத்தார்கள். காயம் ஆறியது, விரல்கள் அசைந்தன. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றிலும் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. நரம்பு மெதுவாக வளரும், வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வசந்தத்தில் வேலைக்குத் திரும்பிப் பார்த்தான். முதல் நாளே சூடான சட்டியின் விளிம்பில் விரல் பட்டது. தோல் கருகும் மணம் வந்த பிறகுதான் அது தன் விரல் என்று தெரிந்தது. அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கோடை முடியும் வரைக்கும் அவனுடைய இடத்துக்கு வேறு ஆள் எடுப்பதில்லை என்றார் உணவகத்துக்காரர். அதற்குப் பிறகு எடுப்பார்.

இது அனோஜினிக்குத் தெரியும். வின்சன்டுக்குத் தெரியாது. கை வெட்டுப்பட்டது, ஆறிவிட்டது, ஓய்வில் இருக்கிறான் என்பதோடு அவனுக்குக் கதை முடிந்திருந்தது.

பிரீசரில் இன்னொரு பக்கற் இருந்தது. அதை எடுத்து மேசையில் தட்டிப் பிரித்தார்கள். மீன்கள் கட்டை மாதிரி இருந்தன. இளகும்வரை இருக்க வின்சன்டுக்குப் பொறுமை இல்லை. அரை இறுக்கத்தில் கோர்ப்பது இன்னும் சுகம், சதை கிழியாது என்றான்.

முதல் மீனை அவன் கோர்த்தான். நீள ஊசியை மீனின் பின்துவாரத்தால் விட்டு வாயால் எடுத்தான். தூண்டில் நரம்பு பின்னால் வந்தது. முள் வால் பக்கம் போய் விலாவோடு ஒட்டி நின்றது. வாய் திறந்தால் தண்ணீர் புகுந்து மீன் கெட்டுவிடும் என்று தாடையைப் பல்லுக்குத்தும் குச்சியால் குத்தி மூடினான். பிறகு நரம்பை இழுத்து உடம்பை இலேசாக வளைத்தான். வளைவுதான் முக்கியம். வளைந்த மீன் தண்ணீரில் உருளும். காயப்பட்ட மீன் என்று நினைத்துப் பெரியது வரும்.

முடித்ததும் மீனைப் போட்டுவிட்டுக் கையைக் கமக்கட்டுக்குள் செருகிக்கொண்டான். குளிர் எலும்புக்குள் போகிறது என்றான். கிருபானந்தன் இரண்டாவது மீனை எடுத்துக் கோர்க்கத் தொடங்கியிருந்தான். கண்ணை எடுக்காமல், ஊசி போகும் இடத்தையே பார்த்துக்கொண்டு செய்தான். பார்க்காவிட்டால் விரலுக்குள் இருப்பது நழுவிவிடும்.

“பார் தங்கச்சி. குசினிக்காரன்ரை கை. ஐஸ் எண்டும் இல்லை, நெருப்பெண்டும் இல்லை.”

அனோஜினி திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பில் எண்ணெய் வைத்தாள்.

வின்சன்ட் முதல் மீனைத் தூக்கிக்கொண்டு மேலே போனான். குளியல்தொட்டியை நிரப்பி, ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு மீனை இழுத்து, உருளுகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னான். மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

கிருபானந்தன் மூன்றாவது மீனை எடுத்தான். இடது கை நொந்தது. குளிரில் அது எப்போதும் நோகும். குளிர்காலத்தில் கையுறை இல்லாமல் பனி அள்ளியபோதும் இடது கைதான் நொந்தது. வலது கை மரம். அந்த மூன்று விரல்களும் யாரோ ஒருவருடையவை.

ஊசியை வாயால் எடுக்கும்போது வலது கையிலும் ஏதோ இருந்தது. பெருவிரலின் நுனியில் ஒரு கடுப்பு. இடது கையின் நோவு மாறித் தெரிகிறது என்று நினைத்தான். இடது கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்தான். மீனை வலது கையால் மட்டும் பிடித்தான். கடுப்பு போகவில்லை. சுட்டுவிரலிலும் இருந்தது. பல்லைக் கடிக்கும் அளவுக்கு ஏறியது.

அவன் மீனை வைக்கவில்லை.

வசந்தத்தில் ஒரு முறை இப்படி நடந்தது. சவர்க்காரம் விரலில் வழுக்குவது தெரிகிறது என்று அனோஜினியிடம் சொன்னான். அவள் கோயிலுக்குப் போய் வந்தாள். அடுத்த வாரம் மருத்துவமனையில் கண்ணை மூடச் சொல்லி மெல்லிய இழையால் தொட்டார்கள். எந்த விரல் என்று பிரெஞ்சில் கேட்டார்கள். ஒன்றும் சரியாகச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் விரல் உணர்ந்ததாக நினைத்திருக்கிறான். வரும் வழியில் பஸ்ஸில் அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதனால் இப்போது சொல்ல விரும்பவில்லை. முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு ஒரு முள்ளைச் சுட்டுவிரலில் அழுத்தினான். குத்தியது. ஆனால் அழுத்துவது அவன்தானே. தன்னைத்தானே நம்ப முடியவில்லை. இதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

அனோஜினியைக் கூப்பிட்டான். அடுப்பைக் குறைத்துவிட்டு இங்கே வாரும் என்றான். முள்ளை அவளிடம் நீட்டினான். அது எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

“வேண்டாம். போன முறை மாதிரி என்னாலை ஏலாது.”

“கண்ணை மூடுறன். நீர் குத்தும். எந்த விரல் எண்டு நான் சொல்லுறன்.”

அவள் கதிரையை இழுத்து முன்னால் இருந்தாள். அவன் கையைத் துணியால் துடைத்து, சூடு வரத் தேய்த்துவிட்டாள். அவன் கண்ணை மூடினான். எண்ணெய் பொரியும் சத்தம். மேலே வின்சன்ட் தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.

“பெருவிரல்,” என்றான்.

அவள் முள்ளை நகர்த்தினாள்.

“சுட்டுவிரல். பக்கவாட்டிலை.”

நேரம் போனது. அவன் காத்திருந்தான். விரல்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான்.

“இப்ப நீர் ஒண்டும் செய்யேல்லை,” என்றான்.

கண்ணைத் திறந்தபோது அவள் முள்ளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில். அவளுடைய வாய் கோணியிருந்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. திரும்ப மூடச் சொன்னாள். திரும்பவும் செய்தாள். பெருவிரல், பெருவிரல், சுட்டுவிரல். எல்லாம் சரி. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. ஒன்றும் செய்யவில்லை என்று அவன் சொன்னான்.

அது பிழை. கண்ணைத் திறந்தான். நடுவிரலில் ஒரு துளி இரத்தம் நின்றது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். நடுவிரல் இன்னும் வரவில்லை. ஆனால் அவன் முதுகு கதிரையில் சாய்ந்தது. எத்தனையோ மாதமாகத் தான் நிமிர்ந்தே இருந்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும் என்று மருத்துவர் சொன்னவர், என்றாள் அனோஜினி. தனக்கே சொல்வதுபோல இன்னொரு முறையும் சொன்னாள். இரத்தத்தைத் தன் சட்டை விளிம்பால் துடைத்தாள். அந்தச் சட்டையில் மஞ்சள் கறை படக்கூடாது என்று காலையில் கவனமாக இருந்தவள்.

வின்சன்ட் ஈரக் கையோடு இறங்கி வந்தான். மீன் அருமையாக உருளுகிறது, வந்து பார்க்கச் சொன்னான். யாரும் எழும்பவில்லை. கிருபானந்தனின் கை அனோஜினியின் மடியில் இருந்தது. அவளுடைய முகம் நனைந்திருந்தது.

அதனால் சொல்ல வேண்டியதாயிற்று. கிருபானந்தன் சொன்னான். கருகிய விரல், மருத்துவமனை, கோடை முடியும்வரை காத்திருக்கும் வேலை. இப்போது இரண்டு விரல் வந்துவிட்டது. கதை எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. சொல்லி முடித்தபோது இலேசாக இருந்தது. அனோஜினி எழும்பிப் போய் முதல் மீனை எண்ணெயில் போட்டாள். வீடு முழுவதும் மணந்தது.

வின்சன்ட் நின்றபடியே கேட்டான். ஈரக் கையைத் துடைக்கவில்லை. மேசையில் கிடந்த முட்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டான். மூடியை அழுத்தி மூடினான். பிறகு நிமிர்ந்து நண்பனைப் பார்த்தான்.

“படகிலை உந்த முள்ளு உன்ரை மரத்த கைக்குள்ளை ஏறியிருந்தா ஆர் மச்சான் கத்தியிருப்பாங்கள், சல்மனோ?”